மிரோஜனின் இசைப் பின்னணி

நெடுந்தீவில் ஒரு ரொக் கீபோர்ட்காரன் இருக்கிறான் என்று நெடுந்தீவுக்கே ரொறொன்ரோவிலிருந்துதான் தெரியவந்தது. அதுவரை மிரோஜன், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் கீபோர்ட் வாசிக்கிற, மற்ற நாள்களில் யாழ்ப்பாணத்தில் எங்கேயோ சுற்றித் திரிகிற, சந்தியோகுவின் மகன். அவ்வளவுதான்.

அந்த ‘எங்கேயோ’ நல்லூரில் ஒரு வீட்டுக் கராஜ். அந்த வீட்டுப் பிள்ளையான வாகீசன் கிற்றார் அடிப்பான். அவன் தொடங்கிய ரொக் குழுவுக்குப் பெயர் ‘கறள்’. துருப்பிடித்த இரும்பைப்போல முரட்டுத்தனமாக இருக்கவேண்டும் என்று யோசித்து வைத்த பெயர். அவர்களுடைய ஒரே ஒரு பாட்டு எப்படியோ வெளிநாடெல்லாம் ஓடியது. அதைக் கேட்டுவிட்டு, ரொறொன்ரோவில் தமிழ் இணையத் தொலைக்காட்சி ஒன்றில் வேலை செய்யும் துசாரா என்ற பெண் தொலைபேசி எடுத்தாள். விடுமுறைக்கு வருகிறாளாம். குழுவில் ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டிலேயே பேட்டி காணப்போகிறாளாம்.

“உங்கட இசைப் பின்னணி, ஆரின்ர பாதிப்பு, விருப்பமான அல்பங்கள். இதைத்தான் கேப்பன். யோசிச்சு வையுங்கோ மிரோஜன். ஆனா உண்மையா இருக்கோணும்” என்றாள்.

கடைசி வசனத்தோடு அவனுக்கு நித்திரை போயிற்று.

உண்மை என்னவென்றால், அவனுக்கு ஒன்பது வயதில் பரிஸ் நகரிலிருந்து பெரியம்மா ஒரு சின்னக் கீபோர்ட் அனுப்பினார். பற்றறியில் வேலை செய்வது. பழக்கிவிட ஊரில் ஒருவரும் இருக்கவில்லை. ஆனால் அதில் ஒரு சிவப்புப் பட்டன் இருந்தது. அமத்தினால் கீபோர்ட் தானாகவே ஒரு மெட்டை வாசிக்கும். கடையில் வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காகச் செய்கிறவர்கள் உள்ளே போட்டுவிடுகிற டெமோ அது. மிரோஜன் அதோடு சேர்ந்து வாசித்து வாசித்து, அந்தக் கீபோர்ட்டைவிட நன்றாக வாசிக்கிற அளவுக்கு வந்துவிட்டான். அதுதான் பின்னணி, அதுதான் பாதிப்பு. அல்பம் என்று ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை அவன் கேட்டதே கிடையாது. கடற்கரையில் சிக்னல் வரும் இடத்தில் நின்று பாட்டுக் கேட்பான். பாதிப் பாட்டில் சிக்னல் போகும். உலகத்திலுள்ள நல்ல ரொக் பாட்டுகள் எல்லாவற்றிலும் முன்பாதி அவனுக்குப் பாடம்.

இதைச் சொன்னதும் வாகீசன் கிற்றாரைக் கீழே வைத்துவிட்டான்.

“டேய், உதை மட்டும் வெளியில சொல்லிப்போடாதை. ரொக் எண்டுறது ஒரு பரம்பரை மச்சான். நீ டெமோப் பட்டனுக்குப் பிறந்த பிள்ளை எண்டு தெரிஞ்சா எங்கட மானம் என்னாகிறது?”

அவனே ஐந்து அல்பங்களைச் சொல்லிக் கொடுத்தான். எல்லாம் வெள்ளைக்காரருடையவை, வாய்க்குள் நுழையாத பெயர்கள். ஒன்றின் அட்டையில் மழைக்குள் ஒரு வெறும் கதிரை மட்டும் இருக்குமாம். “அதைச் சொல்லேக்க கொஞ்சம் கண்ணை மூடு” என்றும் சொல்லிக் கொடுத்தான். மிரோஜன் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறியதிலிருந்து அந்தப் பெயர்களை முணுமுணுத்துக்கொண்டே போனான். பக்கத்திலிருந்த வயதான பெண் அவன் செபமாலை சொல்கிறான் என்று நினைத்து ஒவ்வொன்றுக்கும் “ஆமென்” போட்டார்.

வீட்டில் வேறு கூத்து. அவனுடைய வாசிப்பைப்பற்றித் தகப்பன் சந்தியோகுவுக்கு ஒரே ஒரு அபிப்பிராயந்தான்: “மண்டைக்குள்ள ஜெனரேற்றர் ஓடுறமாதிரிக் கிடக்கு.” ஆனால் கனடாவிலிருந்து கமரா வருகிறது என்றதும் அவர் முடி வெட்டிக்கொண்டு வந்தார். தாய் நேசம்மா, விருப்பமான அல்பம் கேட்பார்களாம் என்று கேள்விப்பட்டதும் அலுமாரியைத் திறந்து மூத்தவளின் கலியாண அல்பத்தை எடுத்துத் தூசி தட்டி வைத்தார்.

துசாரா படகில் சத்தியெடுத்து வாடிப்போய் வந்திறங்கினாள். நேசம்மா கொடுத்த தேசிக்காய்த் தண்ணி குடித்துக் கொஞ்சம் தெளிந்ததும் மிரோஜனின் அறையை எட்டிப் பார்த்தாள். அவன் இரண்டு நாள் மினக்கெட்டு ஒட்டிய கறுப்புச் சுவரொட்டிகளைப் பார்த்து, “இது வேண்டாம், ஸ்காபரோவிலயும் இப்பிடித்தான் இருக்கும்” என்றுவிட்டாள். கடற்கரையில் கவிழ்த்து வைத்திருந்த வள்ளத்தில் அவனை இருத்தி, மடியில் அந்தப் பழைய சின்னக் கீபோர்ட்டைக் கொடுத்தாள். பெரிய கீபோர்ட்டுக்குக் கடற்கரையில் கரண்ட் இல்லை.

மிரோஜன் பாடமாக்கியதை ஒப்புவித்தான். கதிரை வந்த இடத்தில் கண்ணை மூடினான். திறந்தபோது துசாரா கமராவை நிற்பாட்டியிருந்தாள்.

“கோவிக்காதேங்கோ மிரோஜன். உந்த அஞ்சையும் வாகீசனும் சொன்னவர். இதே ஒழுங்கில. கதிரைக்கு அவரும் கண்ணை மூடினவர்.”

மிரோஜனுக்குக் காது சுட்டது.

“எங்கட சனத்துக்கு அங்க இதெல்லாம் இருக்கு. அவைக்கு மண் வேணும். இந்த மண்ணிலயிருந்து உங்களுக்கு என்ன கிடைச்சது?”

அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நேசம்மா கலியாண அல்பத்தோடு வந்துவிட்டார். “பிள்ளை அல்பம் கேட்டனீங்களாம். இதுதான் எங்கள் எல்லாருக்கும் விருப்பமானது.” துசாரா மரியாதைக்கு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். மாப்பிள்ளை வீட்டுக்காரரை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்திய பிறகுதான் நேசம்மா போனார். திரும்பிப் போகிற படகுக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

“சரி, ஏதாவது வாசியுங்கோ. யோசிக்காமல். விரல் தன்ர பாட்டில போகட்டும்.”

விரல் தன் பாட்டில் போனது. எங்கே போகும்? டெமோவுக்குத்தான் போனது. பயத்தில் மெதுவாகப் போனது. பற்றறி குறைந்திருந்ததால் ஒலி நடுங்கியது. கடற்காற்றும் சேர்ந்துகொள்ள, விற்பனைக்காக யாரோ போட்ட அந்தத் துள்ளல் மெட்டு ஒப்பாரிபோல ஆகிவிட்டது. துசாராவின் கண் கலங்கியது.

“இது என்ன?”

“இது... சின்ன வயசிலயிருந்து வாசிக்கிறனான். எங்கட வீட்டில இருந்தது.” சொன்னதெல்லாம் உண்மைதான்.

“அப்பாட்டயிருந்து வந்ததோ?”

சந்தியோகு கொஞ்சம் தள்ளியிருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கமராவுக்குள் விழவேண்டும் என்று ஏற்கெனவே இரண்டு தடவை இடம் மாறியிருந்தார். மகன் வாயைத் திறக்குமுன் அவர் எழும்பி வந்தார்.

“ஓம் பிள்ளை. இது எங்கட அம்பா. கரைவலை இழுக்கேக்க படிக்கிறது.”

சந்தியோகு ஆயுள் முழுக்க இயந்திரப் படகில் போய் நைலோன் வலை விட்டவர். கரையில் நின்று இழுக்கிற கரைவலையின் கயிற்றை ஒருநாளும் தொட்டதில்லை. ஆனால் துசாரா பாடச் சொன்னதும், ஒரு கையைக் காதில் வைத்துக்கொண்டு, கடலைப் பார்த்து எடுத்துவிட்டார்:

“ஏலே ஏலோ அந்தோனியாரே, வலை நிரம்பத் தாருமையா... ஒட்டியோட ஓரா மீனும் ஓடி வந்து சேருமையா...”

மெட்டில் அச்சொட்டாக இருந்தது. மகன் பழகிய காலமெல்லாம் இரவு பகலாக வீட்டில் கேட்ட மெட்டல்லவா.

படகு துசாராவை ஏற்றிக்கொண்டு போனபிறகு மிரோஜன் தகப்பனைப் பிடித்தான்.

“அப்பா, அது டெமோ. பெரியம்மா அனுப்பின கீபோர்ட்டுக்குள்ள இருந்தது.”

“உனக்கென்ன தெரியும்? நீ பிறக்க முதலே நான் படிச்சனான்.”

“அது சப்பான்காரன் செய்ததப்பா!”

“சப்பான்காரனும் மீன் பிடிக்கிறவன்தானே?” என்றார் சந்தியோகு.

வீடியோ ‘நெடுந்தீவின் கடைசி அம்பா’ என்ற தலைப்பில் வெளிவந்தது. மிரோஜன் அதில் ஓரமாக, முழங்கை வரைக்கும் தெரிந்தான். ‘கறள்’ என்ற பெயர் வரவேயில்லை. ஜெர்மனியிலிருந்து ஒருவர், இது தன் மகளுடைய கீபோர்ட்டில் வரும் டெமோ என்று கீழே எழுதினார். மண்ணை மறந்தவன் என்று அவரை ஊர் ஊராகத் திட்டினார்கள். ஒரு பேராசிரியர் சோழர் காலத்துக் கப்பல்களை ஓடவிட்டு, இந்த மெட்டு நம் கடலிலிருந்து யப்பானுக்குப் போன வழியை நீளமாக எழுதி நிறுவினார். ஜெர்மனிக்காரர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு விலகினார்.

பிறகு ஊர் விழித்துக்கொண்டது. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியரும் கலாசாரப் பேரவைத் தலைவருமான இராசமணி ஒரு பாராட்டு விழா வைத்தார். சந்தியோகுவுக்குப் பொன்னாடை போர்த்தி ‘அம்பா வேந்தர்’ என்று பட்டம் கொடுத்தார்கள். தன் தகப்பன் இதற்கு இன்னொரு அடியும் படிப்பார் என்று சபையில் ஒருவர் எழும்பி அதையும் பாடிக் காட்டினார். மிரோஜன் மேடைக்குப் பின்னால் இராசமணியிடம் போனான்.

“சேர், ஒரு விசயம் சொல்லோணும். இந்த மெட்டு உண்மையில எங்கடை இல்லை.”

இராசமணி அவன் தோளில் தட்டினார். “விளங்குது தம்பி. இது தனி ஒருதற்றையும் இல்லை, சனத்தின்ர சொத்து எண்டு சொல்லுறீர். நல்ல குணம்.” மேடையில் ஏறி அதையும் சொல்லிக் கைதட்டு வாங்கினார்.

வாகீசன் முதலில் கொதித்தான். பிறகு வீடியோ எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்த்தான். “மச்சான், இனி நாங்கள் அம்பா-ரொக். நான் கரைவலைக் குடும்பம் எண்டு சொல்லலாமோ?” என்று கேட்டான். அவனுடைய தகப்பன் வங்கி முகாமையாளர்.

ஒருநாள் துசாரா மறுபடியும் தொலைபேசி எடுத்தாள். ரொறொன்ரோவில் ஒரு பெரிய விழாவில் அப்பா அம்பா படிக்கப்போகிறாராம். அப்பாவுக்கு விசாவும் வந்துவிட்டது, ரிக்கற்றும் போட்டாயிற்று.

“எனக்கு?” என்றான் மிரோஜன்.

துசாரா குரலை இறக்கினாள். “கீபோர்ட் வாசிக்கிற பெடியள் இஞ்ச நிறையப் பேர் இருக்கினம் மிரோஜன். அந்த மெட்டையும் ஒராள் பழகிட்டார்.”

தகப்பனைக் குறிகட்டுவான் வரைக்கும் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட்டது மிரோஜன்தான். கோபமா, சிரிப்பா என்று அவனுக்கே பிடிபடவில்லை. சந்தியோகு புதுச் சப்பாத்துக் கடித்த காலைக் கிந்திக்கொண்டு ஏறினார். யன்னலால் எட்டி, “நீ மனவருத்தப்படாதை, உன்ரை பேரையும் சொல்லுவன்” என்றார்.

விழாவுக்கு முதல் நாள், கீபோர்ட்டோடு வீடியோ அழைப்பில் வரச்சொல்லித் தகப்பனிடமிருந்து செய்தி வந்தது. மிரோஜன் சின்னக் கீபோர்ட்டையும் தூக்கிக்கொண்டு கடற்கரையில் சிக்னல் வரும் இடத்துக்கு ஓடினான். நேசம்மாவும் பின்னால் ஓடி வந்தார். திரையில் சந்தியோகு தடித்த குளிர்ச்சட்டைக்குள் பாதி புதைந்திருந்தார்.

“டேய், இஞ்சத்தைப் பெடியன்ரை வாசிப்புச் சரிவருதில்லை. ரெண்டாம் அடி முடிய ‘கிளிங்’ எண்டு ஒரு சத்தம் வருமெல்லோ? அது இல்லாமல் எனக்குப் படிக்க ஏலாது.”

“அது டெமோ முடிஞ்சுது எண்டு காட்டுற மணியப்பா.”

“என்னவோ. நீ வாசிக்கேக்க வரும். அதோட சேந்துதான் நான் மூச்செடுக்கிறனான். இவனுக்கு ஒருக்காக் காட்டிவிடு.”

குளிர்ச்சட்டைக்குப் பக்கத்தில் ஒரு இளைஞனின் முகம் வந்தது. மிரோஜன் மணலில் சப்பாணி கட்டி இருந்து, விரல் தெரியும்படி போனைத் தாயிடம் பிடிக்கக் கொடுத்து, மெட்டை மெதுவாக வாசித்தான். மணி வருகிற இடத்தை மூன்று நான்கு தரம் திரும்பக் காட்டினான். சந்தியோகு படிக்க, அந்தப் பெடியன் நன்றாகத்தான் வாசித்தான். ஆனால் மணி ஒவ்வொரு தடவையும் ஒரு மயிரிழை முந்தி விழுந்தது.

“கொஞ்சம் பொறுத்து அடியும் தம்பி. அப்பா மூச்செடுக்கட்டும்” என்றான் மிரோஜன். தகப்பன் எந்த இடத்தில் மூச்செடுக்கிறார் என்பது தனக்கு எப்படித் தெரியும் என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த தடவை சரியாக விழுந்தது. சந்தியோகு பெருவிரலை உயர்த்திக் காட்டினார். அப்படியே படம் உறைந்து நின்றது. சிக்னல் போய்விட்டது.

“அப்பா சாப்பிட்டவராமோ?” என்று கேட்டார் நேசம்மா.

“கேக்கேல்லயம்மா.”

“உதை விட்டிட்டு என்னத்தைக் கேட்டனீ?” என்று நேசம்மா போனை அவன் கையில் திணித்துவிட்டுக் குசினி வேலைக்குப் போனார்.