டீக் தூக்கம்

எங்கள் மாவட்டத்துக்குத் தலைநகர் ஹார்லோ. மூன்று தெரு, ஒரு நீதிமன்றம், நாலு பக்கமும் நாலு வெவ்வேறு நேரம் காட்டும் ஒரு கடிகாரம். சிரிக்காதீர்கள், ஜார்ஜியா மாநிலத்தில் இதைவிடச் சின்னத் தலைநகரெல்லாம் இருக்கிறது. ஏழு மைல் தள்ளி லம்லி என்று ஓர் ஊர். எது தலைநகர் என்று 1887-இல் ஓட்டுப் போட்டார்கள். ஹார்லோவுக்கு 412, லம்லிக்கு 411. நீதிமன்றம், வக்கீல்கள், ரயில் எல்லாம் இங்கே வந்தன. லம்லிக்கு ஒரு பெட்ரோல் கடையும், ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு தேவாலயச் சபைகளும் மிஞ்சின.

அந்த ஒரு ஓட்டுக்குக் காரணம் ஹோரஸ் டீக் என்று பால்குடி மறக்காத பிள்ளைகூடச் சொல்லும். லம்லிக்காக மேடை மேடையாகத் தொண்டை கிழியக் கத்தியவர், ஓட்டு நாளன்று குடித்துவிட்டுச் சாயங்காலம்வரை தூங்கிவிட்டாராம். அதனால் இங்கே யாராவது தாமதமாக வந்தால், "என்னப்பா, டீக் தூக்கமா?" என்பார்கள். நானும் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன்.

அவருடைய பேத்தி மிஸ் யூலா டீக்குக்கு எண்பத்தாறு வயது. வாழ்நாளில் எதற்கும் தாமதமாக வந்ததில்லை. தேவாலயத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் வருவார். சாவு வீட்டுக்குச் சில சமயம் சாவுக்கே முன்னால். தன் கல்யாணத்துக்கு அவர் போய் நின்றபோது பாதிரியார் சவரம் செய்துகொண்டிருந்தாராம். நான் நீதிமன்றத்தில் எழுத்தர். மாதத்தின் முதல் திங்கட்கிழமை எட்டு மணிக்குக் கதவைத் திறக்கப் போனால், படியில் உட்கார்ந்திருப்பார்.

"அந்த ஓட்டுப் புத்தகம் கெடைச்சுதா, வெர்னா?"

"இல்லீங்க மிஸ் யூலா. கீழ ஒரே குப்பை."

"எங்க தாத்தா மோரைத் தவிர எதையும் தொட்டதில்ல."

"சரிங்க, தேடிப் பாக்குறேன்."

முப்பது வருடமாக இதே பேச்சு. உண்மையைச் சொன்னால் நான் தேடியதே இல்லை. எலிப்புழுக்கைக்கு நடுவில் யார் போய்க் குனிவது?

நீதிமன்றத்துக்கு நூறு வயது ஆயிற்று. விழாவில் ஊர் வரலாற்றை எழுதி வாசிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. வேறு வழியில்லாமல் நிலவறைக்கு இறங்கினேன். கொதிகலனுக்குப் பின்னால் கிடந்தது புத்தகம். ஓட்டுப் போட வந்தவர்களின் பெயர், வந்த வரிசையில். முதல் பெயர் ஹோரஸ் டீக். காலை ஆறு மணி என்று பக்கத்தில் குறித்திருந்தது.

கடைசிப் பக்கத்துக்குப் போனேன். 823-வது பெயர் சாலமன் கிளாப். கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி. சாட்சிக் கையெழுத்து என் கொள்ளுத்தாத்தா கர்னல் கிளாப். எந்தப் போருக்கும் போகாத கர்னல். ஹார்லோவில் ஓட்டுப்பெட்டி வைத்திருந்த சாராயக் கடைக்கு முதலாளி. எங்கள் குடும்பத்தில் சாலமன் என்று ஒருவன்தான் உண்டு. அவன் படம் இன்னும் எங்கள் கூடத்தில் தொங்குகிறது. அவன் ஒரு கோவேறு கழுதை.

ஓட்டுப் போட வந்த கறுப்பு ஜனங்களைத் துப்பாக்கி காட்டித் துரத்திய அதே வாசலில், கழுதையை மரியாதையாக உள்ளே விட்டிருக்கிறார்கள். அப்புறம் யாரும் திரும்ப எண்ணிப் பார்த்துவிடக் கூடாதென்று ஒரு குடிகாரக் கதையைக் கட்டி, ஒரு நல்ல மனிதர் தலையில் ஏற்றிவிட்டார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. முப்பது வருடம் அந்த அம்மாவைப் படியில் உட்கார வைத்ததற்கு அதைவிட வெட்கமாக இருந்தது.

விழாக் குழுத் தலைவன் டெல்மர் என் சித்தப்பா மகன். அவனிடம் சொன்னதும் முகம் வெளுத்தது.

"அக்கா, கழுதைன்னு நீ வாசிச்சா லம்லிக்காரன் வந்து நீதிமன்றத்தையே பேத்து எடுத்துட்டுப் போயிடுவான்."

"போகட்டும். ஒழுகுற கூரையையும் சேத்து எடுத்துக்கச் சொல்லு."

"நம்ம குடும்ப மானம் என்னாகுறது?"

"அதைத்தான் கூடத்துல சட்டம் போட்டு மாட்டி வெச்சிருக்கோமே. காதைப் பாரு போய்."

விழாவுக்கு முதல் நாள் புத்தகத்தை மிஸ் யூலா வீட்டுக்கே எடுத்துப் போனேன். முதல் பெயரை விரல் வைத்துப் படித்தார். மறுபடியும் படித்தார். அழுதார். கடைசிப் பெயர் யாருடையது என்று சொன்னேன்.

"கழுதை குடிச்சிருந்துதா?" என்று கேட்டார்.

"அதை எழுதி வைக்கலீங்க."

"நாளைக்குப் பத்து மணிக்குத்தானே?"

"ஆமாங்க. நீங்க வந்தாத்தான் வாசிப்பேன்."

மறுநாள் ஒன்பது மணிக்கே படியைப் பார்த்தேன். காலி. ஒன்பதரைக்கும் காலி. பத்து மணி ஆயிற்று, பாண்டு வாத்தியக்காரர்கள் தெரிந்த பாட்டையெல்லாம் தீர்த்துவிட்டார்கள். டெல்மர் கைக்கடிகாரத்தைக் காட்டிக் காட்டி முறைத்தான். எண்பத்தாறு வயது, நேற்று அழுத அழுகை வேறு. ஆளை அனுப்பலாம் என்று எழுந்தேன்.

பத்து நாற்பதுக்கு ஒரு கார் ஊர்ந்து வந்து நின்றது. மிஸ் யூலா இறங்கினார். புதுத் தொப்பி. கூட்டம் மொத்தமும் வெயிலில் வேர்த்துக்கொண்டு பார்க்க, நடுவழியாக ஆடி அசைந்து நடந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார்.

"நல்லாத் தூங்கிட்டேன் வெர்னா," என்றார். "இப்ப வாசி."