பத்து நிமிட வெயில்

அக்கா படம் வரைகிறவள். தங்கை லேபில் பொய்ப்பல் செய்கிறவள். பாலைவனத்துக்குக் கார் ஓட்ட ஆளில்லை என்று அக்கா கெஞ்சியதால், நாலு நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள் தங்கை. இன்றோடு பதினோரு நாள்.

வரைந்தது என்னவோ ஒரே ஒரு மணல்மேடு. மாலை வெயில் சாயும்போது அதன் ஒரு பக்கம் செம்பாகப் பழுக்கும், மறுபக்கம் நிழல் விழும். எல்லாம் பத்தே நிமிடம். அந்த நிழலின் நிறம்தான் அக்காவுக்குப் பிடிபடவில்லை. தினமும் பூசுவாள், முகம் சுளிப்பாள், கத்தியால் சுரண்டிவிடுவாள். தங்கை தலையிலும் காதிலும் மணலோடு அறைக்குத் திரும்புவாள்.

அன்று மேட்டுக்கு எதிரே காரின் சக்கரம் வேறு புதைந்துவிட்டது. தங்கை மண்டியிட்டு மணலை அள்ளித் தள்ளினாள். அக்கா சாவகாசமாகப் படம் வைக்கும் ஸ்டாண்டை விரித்தாள்.

"நான் இங்க கிடந்து தோண்டுறேன். நீ படம் போடு."

"வெயில் போயிடும்டி. நிழல் ஊதாதானே, சொல்லு."

தங்கைக்குப் பொறுமை போய்விட்டது. எழுந்து வந்து படத்தைப் பார்த்தாள், மேட்டைப் பார்த்தாள். பக்கத்துப் பல்லின் நிறத்தோடு இம்மி பிசகாமல் சேர்ப்பதுதான் அவள் பிழைப்பு.

"ஊதாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஈறு இறங்கினா பல்லோட வேர் தெரியுமில்ல, அந்தச் சாம்பல். அடியில பழுப்பு, மேல லேசா ரோஸ். நீ பூசியிருக்கிற மாதிரி நான் பல்லு செஞ்சா, டாக்டர் அதை என் மூஞ்சியிலயே எறிவாரு."

"முதல் நாளே ஏன் சொல்லல?"

"நீ கேட்டியா? கார் ஓட்டத்தானே கூட்டிட்டு வந்தே."

அக்கா வண்ணத்தட்டை நீட்டினாள். தங்கை கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கலக்கினாள். பழுப்பு கூடிப்போனது, கொஞ்சம் வழித்தெறிந்து மறுபடி கலக்கினாள். அக்கா பூசினாள். படத்திலிருந்த நிழல் முதன்முறையாக மணலில் படிந்து உட்கார்ந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெயில் போனதை யாரும் கவனிக்கவில்லை.

பிறகு தங்கை ஸ்டியரிங்கில் உட்கார, அக்கா மூச்சிரைக்கக் காரைத் தள்ளினாள்.

மறுநாள் காலை ஊருக்குக் கிளம்பியபோது, ஈரம் காயாத படத்துக்கே பின்சீட் முழுவதும் போய்விட்டது. பெட்டிகள் அக்காவின் மடியிலும் காலடியிலும்.

"மெதுவா ஓட்டு. குலுங்கினா நிழல் கலைஞ்சிடும்."

"நடந்து வேணா போகலாமா?"

அதற்குள் அக்கா பெட்டிமேல் தலைசாய்த்துத் தூங்கிவிட்டிருந்தாள். ஒரு பள்ளத்தில் கார் தூக்கிப் போட்டது. தங்கை ஓரங்கட்டி நிறுத்தி, இறங்கி, பின்கதவைத் திறந்து நிழலைப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. குறட்டை விடுகிறவளைப் பார்க்கத்தான் எரிச்சலாக வந்தது.