எண் மாறாத தொகுதி

ஆற்றுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே கிடக்கும் அந்த நாடாளுமன்றத் தொகுதிக்கு எல்லை வரைந்த நாளன்று அதில் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது பேர் இருந்தார்கள். எழுபத்தோரு வருடம் கழித்தும் அதே எண்ணிக்கைதான். ஒரு குழந்தை பிறந்தால் யாராவது ஒருவர் கிளம்பிப் போய்விடுவார். ஒருவர் செத்தால் எங்கிருந்தோ ஒருவர் பெட்டியோடு வந்து இறங்குவார். ஒரே நாளில் ஒரு சாவும் ஒரு பிறப்பும் அமைந்துவிட்டால் யாரும் அசைய வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி நர்சுகளுக்குப் பிடித்த நாட்கள் அவை. கர்ப்பிணி இருக்கும் வீட்டுக்காரர்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரின் உடம்பைப் பற்றி விசாரிப்பது அங்கே மரியாதைக் குறைவாகக் கருதப்பட்டது.

முதலில் அங்கே இருந்தவர்கள் கயிற்று ஆலைக்காரர்களும் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும். நூற்றுக்கு எழுபது பேர் ஒரே மொழி பேசினார்கள். ஒன்பதாம் வருடம் ஆலையின் கொதிகலன் வெடித்து முப்பத்தெட்டுப் பேர் இறந்தார்கள். அந்த வாரம் முடிவதற்குள் யாருக்கும் புரியாத மொழி பேசிக்கொண்டு முப்பத்தெட்டு மலைநாட்டுக்காரர்கள் பாலம் தாண்டி வந்து நின்றார்கள். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டதற்குத் தங்கள் கால்களைக் காட்டினார்கள். கால் இழுத்ததாம், வந்தார்களாம். பிறகு ஆலையை மூடினார்கள், கிடங்குகளை இடித்து அடுக்குமாடி கட்டினார்கள், கல்லூரி விடுதிகள் முளைத்தன, கயிற்றுக் குடும்பங்கள் நூற்றுக்கு ஒன்பதாகக் குறைந்தன. ஆட்கள் மாறினார்கள், எண் மாறவில்லை. தொகுதியை வளர்த்துக் காட்டுவேன் என்று சபதம் போட்டு ஜெயித்த உறுப்பினர் ஒருவருக்கு ஒரே பிரசவத்தில் மூன்று பிள்ளைகள் பிறந்தன. அவருடைய கட்சிக்காரர்கள் மூன்று பேர் அந்த வாரமே ஊரை விட்டுப் போனார்கள். அடுத்த தேர்தலில் அவர் இரண்டே ஓட்டில் தோற்றார்.

கிளம்ப வேண்டியவரைக் கால்துடிப்பு பிடிக்கும். பிரசவத்துக்கு ஆறேழு நாள் முன்னால் தொடங்கும். பிடித்தவரால் உட்கார முடியாது. செருப்பை மாட்டுவார், கழற்றுவார், பஸ் நிறுத்தத்தில் போய் நின்று வருகிற பஸ்ஸையெல்லாம் விட்டுவிட்டுத் திரும்புவார். பிறகு ஒரு காலையில் ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறிவிடுவார். எங்கே போகிறோம் என்பது அவருக்கே தெரியாது. இரண்டு மூன்று வருடம் கழித்து, சௌக்கியமாக இருக்கிறேன், கால் நின்றுவிட்டது என்று எங்கிருந்தாவது ஒரு கடிதம் வந்தால் உண்டு. அதனால் அந்தத் தொகுதியில் யாரும் முழு நிம்மதியோடு உட்கார்ந்ததில்லை. சாப்பிடும்போதுகூட ஒருவர் காலை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள்.

இதையெல்லாம் எல்லோரையும்விட நன்றாக அறிந்தவள் கணக்கக்கா. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகத்தில் அந்தத் தொகுதிக்கு மேற்பார்வையாளர். இருபத்திரண்டு வயதில் கால் இழுத்து வந்தவள். அவள் வந்து இறங்கிய அன்று காலையில் ஒரு ரொட்டிக்கடைக்காரர் இறந்திருந்தார். அவருடைய மனைவி அழுத கண்ணோடு வந்து அவளைப் பார்த்தாள். "அவரு இடத்துக்கு வந்திருக்கே, நல்லா சாப்பிடு" என்று ஒரு வருடம் முழுக்க ஓசியில் ரொட்டி கொடுத்தாள். கணக்கக்கா அங்கேயே ஒரு லிப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டாள், ஒரு மகளைப் பெற்றாள். மகள் பிறந்த வாரம் கிளம்பிப் போன தபால்காரரின் பெயரை அவள் மறக்கவேயில்லை. முப்பது வருடமாக வீடு வீடாக ஏறி இறங்கி அவள் கண்டுபிடித்த விதி ஒன்று இருந்தது: தொகுதிக்குள் தொடர்ந்து மூன்று ராத்திரி தூங்கினால் ஆள் கணக்கில் சேர்வார், வெளியே மூன்று ராத்திரி தூங்கினால் கணக்கிலிருந்து போவார். மகளைக் கட்டியவர் கப்பலில் வேலை பார்த்தார். லீவுக்கு வந்தால் இரண்டு ராத்திரி மனைவியோடு இருப்பார், மூன்றாவது ராத்திரி பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு விடுதியில் போய்ப் படுத்துக்கொள்வார். தன்னால் அக்கம்பக்கத்தில் யாரும் வீடு இழக்கக் கூடாது என்ற நல்ல மனசு. அதனாலேயே அந்தத் தெருவில் அவருக்குத் தனி மதிப்பு.

மகள் கர்ப்பமாகி ஏழு மாதம் ஆனபோது தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். மேஜை மேல் எட்டுக் கணக்கெடுப்பு ஏடுகளை வரிசையாக விரித்து வைத்திருந்தார். "எழுபது வருஷமா ஒரே எண்ணாம்மா? முந்தின ஏட்டைப் பார்த்து எழுதிட்டு வீட்ல தூங்கியிருக்கீங்க."

"நீங்களே எண்ணிப் பாருங்க சார்" என்றாள் கணக்கக்கா.

அதிகாரி எண்ணினார். தன் ஆட்களைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் தங்க வைத்து, தான் மட்டும் மேற்பார்வைக்கு வசதியாகத் தொகுதிக்குள்ளேயே ஒரு விடுதியில் அறை எடுத்துக்கொண்டார். நாலாம் நாள் காலையில் அந்த விடுதியின் காவலாளி காக்கிச் சட்டையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு ஒரு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். இரண்டு வாரம் கழித்துக் கூட்டிப் பார்த்தபோது, அதிகாரியையும் சேர்த்து, ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது வந்தது. அவர் முகம் சிவந்துபோயிற்று. தன் ஆட்களையும் கணக்கக்கா கைக்குள் போட்டுக்கொண்டாள் என்று முடிவு கட்டினார். ரயிலில் ஐந்து மணி நேரம் தள்ளியிருக்கும் ஒரு புது நகரத்துக்கு அவளை மாற்றி உத்தரவு எழுதினார். அவர் ஊர் திரும்பிய நாலாம் நாள் அவர் இடத்துக்கு ஒரு முடிதிருத்துபவர் வந்து சேர்ந்தார், நல்ல கைராசிக்காரர்.

கணக்கக்கா மாற்றலை ஒப்புக்கொள்ளவில்லை. போனால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். முப்பது வருடத்தில் ஒரு பொய் எண் எழுதாதவள் அவள். மகளின் பிரசவத்தைக் காரணம் காட்டி மனு போட்டாள், பதில் வரவில்லை, மறுபடியும் போட்டாள். உத்தரவை அலமாரியில் துணிகளுக்கு அடியில் செருகி வைத்தாள். பிரசவத் தேதி நெருங்க நெருங்க அவளுக்கும் இருப்புக் கொள்ளவில்லை. மாடிப்படி இறங்கும்போது எதிர்ப்படுகிறவர்களின் கால்களையே பார்த்தாள். மாடி வீட்டு வயலின் வாத்தியார் செருப்பை வாசலில் நேராக வைத்திருக்கிறாரா, கோணலாக வைத்திருக்கிறாரா என்று நாளைக்கு நாலு தடவை எட்டிப் பார்த்தாள். தன் பேரக்குழந்தைக்காக யாருடைய வீடு காலியாக வேண்டும் என்று தன் மனசு தேடுவதை உணர்ந்து வெட்கப்பட்டாள். ஆனாலும் பார்ப்பதை நிறுத்த முடியவில்லை.

லிப்ட் மெக்கானிக்கின் கால் மட்டும் அவள் கண்ணில் படவில்லை. அவர் அப்படிப்பட்ட மனுஷர். பழுதான லிப்ட்டுக்குள் இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால், வேலையை முடித்துவிட்டு அங்கேயே ஒரு தூக்கம் போட்டு எழுந்து வருவார். அவரை உட்கார்ந்த இடத்திலிருந்து கிளப்புவதே அந்த வீட்டின் தினசரிப் பாடு. பிரசவத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது ஒரு மத்தியானம் கணக்கக்கா சீக்கிரமாக வீடு திரும்பினாள். கூடத்தில் நாற்காலிகளெல்லாம் சுவரோரம் ஒதுங்கியிருந்தன. வாசலிலிருந்து ஜன்னல் வரை தரையில் ஒரு தடம் மட்டும் தேய்த்துத் துடைத்ததுபோல் பளபளத்தது. அவர் குளியலறையில் கால்கள் இரண்டையும் ஒரு வாளித் தண்ணீரில் விட்டுக்கொண்டு, மடியில் கனமான கருவிப்பெட்டியை வைத்து அழுத்தியபடி உட்கார்ந்திருந்தார். வாளித் தண்ணீர் அலையடித்துத் தரையெல்லாம் தெறித்துக்கொண்டிருந்தது.

"எப்பலேர்ந்துங்க?"

"முந்தாநேத்து" என்றார் அவர். "சொல்லிடாதே. புள்ளைத்தாச்சிப் பொண்ணு."

மகள் ஏற்கெனவே கதவருகே வந்து நின்றிருந்தாள். "எங்கப்பா போவீங்க? எங்கேன்னு தேடி வர்றது?" என்று கேட்டாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். "இந்தப் புள்ளையே வேணாம்னு என் வாயாலே சொல்ல வச்சிடாதீங்க" என்று அழுதாள்.

கணக்கக்கா அறைக்குள் போனாள். தன் பழைய நோட்டுகளை இழுத்துப்போட்டுப் புரட்டினாள். முப்பது வருடக் குறிப்புகளில் ஒரே ஒரு இடம் நினைவிருந்தது. பதினேழு வருடம் முன்னால் ஒரு தையல்காரம்மா, கால்துடிப்பு எதுவும் இல்லாமலே, அக்காவோடு இருக்கப்போகிறேன் என்று தானாகக் கிளம்பிப் போயிருந்தாள். அவள் போன நாலாம் நாள் அதே தெருவில் ஒரு குழந்தை பிறந்தது. வேறு யாரும் கிளம்பவில்லை. ஒரே ஒரு சம்பவம். அலுவலகத்தில் ஒரு சம்பவத்தை வைத்து அவள் எந்த முடிவும் எழுதியவளல்ல. ஆனால் கால் இழுத்துப் போகிறவருக்கு முகவரி கிடையாது. மாற்றல் உத்தரவில் முகவரி இருந்தது, பின்கோடோடு.

துணிகளுக்கு அடியிலிருந்து உத்தரவை எடுத்தாள். இரண்டு புடவையையும் கண்ணாடிக் கூட்டையும் பைக்குள் போட்டாள்.

"அப்போ நீ பொய்க் கணக்கு எழுதினேன்னுதானே எல்லாரும் சொல்லுவாங்க" என்றார் அவர், வாளியிலிருந்து காலை எடுக்காமல்.

"சொல்லிட்டுப் போறாங்க. நீங்க அந்தக் காலை மட்டும் மூணு நாளைக்குப் பிடிச்சு வச்சுக்குங்க, போதும்."

நாலரை மணி ரயிலில் போனாள். மகளின் தலையைத் தடவக்கூட நேரமில்லை. லிப்ட் மெக்கானிக் அந்த மூன்று நாளையும் ஒரு பழைய சரக்கு லிப்ட்டுக்குள் கழித்தார். தன்னை வெளியிலிருந்து பூட்டச் சொல்லி, சாவியை வயலின் வாத்தியாரிடம் கொடுத்திருந்தார். வாத்தியார் மூன்று வேளையும் சாப்பாடு கொண்டுவந்து கம்பிக் கதவின் இடுக்கு வழியாக நீட்டினார். சாப்பிடுகிறவர் நடந்துகொண்டே இருந்ததால் கரண்டிக் கரண்டியாகத்தான் ஊட்ட முடிந்தது. நாலாம் நாள் காலை ஏழு மணிக்கு, கணக்கக்கா புது ஊரில் மூன்றாவது ராத்திரி தூங்கி எழுந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது, அவர் கால்கள் பாதி நடையில் நின்றன. அப்படியே சரிந்து உட்கார்ந்து தூங்கிவிட்டார். இரண்டு நாள் கழித்துப் பேத்தி பிறந்தபோதும் செய்தியைச் சொல்ல அவரை உலுக்கி எழுப்ப வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு மூன்று வருடம் அந்தக் குடும்பம் இரண்டு ராத்திரிக் கணக்கில் வாழ்ந்தது. அவர் மாதம் ஒரு தடவை புது நகரத்துக்குப் போனார், இரண்டு ராத்திரி இருந்தார், திரும்பினார். மூன்றாவது ராத்திரியும் தங்கிவிட்டால் அவர் இடத்துக்கு யாராவது பெட்டியோடு வந்து நின்றுவிடுவார்கள், மகள் கைக்குழந்தையோடு தனியாகிவிடுவாள். கணக்கக்காவும் பேத்தியைப் பார்க்க இரண்டிரண்டு ராத்திரியாகத்தான் வந்தாள். பேத்தி அவளைக் கண்டு முதலில் பயந்தாள், பிறகு பழகினாள், பழகும்போது ரயிலுக்கு நேரமாகிவிடும். ரயில் நிலையத்தில் கணவனும் மனைவியும் அருகருகே நின்றார்கள். இரண்டு பேரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

நாலாம் வருடத் தொடக்கத்தில் மருமகன் கப்பல் வேலையை விட்டார். துறைமுக அலுவலகத்தில் நாற்காலி வேலை கிடைத்திருந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கத்து விடுதியிலிருந்து தயங்கித் தயங்கி மாமனாருக்குப் போன் செய்தார். மாமனார் அவரை முழுசாகப் பேசவே விடவில்லை. "நீங்க உள்ளே வாங்க மாப்பிள்ளை, நான் வெளியே போறேன்" என்றார். கருவிப்பெட்டியை ஏற்கெனவே கட்டி வைத்திருந்தார். இரண்டு பேரும் பாலத்தின் நடுவில் சந்தித்தார்கள். சாவிக்கொத்து கை மாறியது, எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று இரண்டு நிமிஷம் பேச்சு நடந்தது, பிறகு ஆளுக்கு ஒரு பக்கமாக நடந்தார்கள். அக்கம்பக்கத்தில் ஒரு கால்கூடத் துடிக்கவில்லை.

புது நகரத்தில் கணக்கக்காவின் வீடு பதினோராவது மாடியில் இருந்தது. லிப்ட் மெக்கானிக் மூன்றாவது ராத்திரி தூங்கி எழுந்ததும், காபியைக்கூடத் தொடாமல் பால்கனியில் போய் நின்றுகொண்டார். தன்னால் யார் கிளம்புகிறார்கள் என்று பார்க்க வேண்டும், முடிந்தால் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது அவர் எண்ணம். கீழே பஸ்கள் வந்தன, கூட்டம் கூட்டமாக ஆட்கள் இறங்கினார்கள். பெட்டியோடு யாரும் போகவில்லை. மறுநாளும் நின்றார். அதற்கு மறுநாள், கால் வலிக்கிறது என்று நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

"யாரும் போகலையே" என்றார் கடைசியில், குரலைத் தாழ்த்தி.

"போக மாட்டாங்க. இந்த ஊர்ல ஆளு கூடிக்கிட்டேதான் இருக்கும்" என்றாள் கணக்கக்கா. "பொறந்தாலும் கூடும், வந்தாலும் கூடும். நானும் முதல்லே நம்பலை. நாலு தடவை எண்ணினேன்."

அவர் நாற்காலியைத் தெருவுக்கு முதுகாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "எப்படித்தான் இருக்காங்களோ" என்று தலையை ஆட்டிவிட்டு, ஆறிப்போன காபியைச் சூடுபண்ணித் தரச் சொன்னார்.