நடுப்பக்கத்தில் புஷ்பக்கனி

செவ்வாய்க்கிழமையிலிருந்து என் மனைவி புஷ்பக்கனி ‘சாவிக்குட்டன்’ புதிய இதழின் நடுப்பக்கத்தில் இருக்கிறாள். வெளியே வரும் கதவின் மேல் புத்தகம் தைக்கும் கம்பிப் பின் அடித்துவிட்டார்கள்.

இதை அச்சகத்தில் பலரிடம் சொன்னேன். எல்லோரும் எந்தப் பின் என்றுதான் கேட்டார்கள்.

‘சாவிக்குட்டன்’ சிறுவர்களுக்கான புதிர்ப் படக்கதை. செல்போனில் விளையாடும் ஒரு கேமிலிருந்து வந்தது. கேமில் சாவிக்குட்டன் குகைகளுக்குள் ஓடிச் சாவி பொறுக்குகிறான். புத்தகத்திலும் அதே வேலைதான், ஆனால் அவன் நகர்வதில்லை. பிள்ளைகள் பென்சிலால் நகர்த்த வேண்டும். சிவகாசியில் எங்கள் அச்சகத்தில் மாதம் ஓர் இதழ் வருகிறது. நடுவில் இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரு பெரிய வழிப்புதிர் இருக்கும்.

அதை நடந்து பார்ப்பது என் வேலை. மாதிரிப் பிரதி அச்சானதும் உள்ளே இறங்குவேன். சுற்றிச் சுற்றிக் கதவு வழியாக வெளியே வருவேன். வழி இருக்கிறது என்று சொல்வேன். அதற்குப் பிறகுதான் மற்ற பிரதிகள் மெஷினில் ஏறும்.

செவ்வாய்க்கிழமை என் முட்டி வீங்கியிருந்தது. புஷ்பக்கனி காய்கறி வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

“நான் அப்படியே போய் நடந்து பாத்துட்டு வாரேன்,” என்றாள். “மார்க்கெட்டுக்குப் போற வழிதான.”

பையோடு உள்ளே போனாள். அவள் பாதி வழியில் இருந்தபோது பைண்டிங்கில் மாதிரிப் பிரதியையும் மடித்துப் பின் அடித்துவிட்டார்கள். ஒரு புத்தகத்துக்கு இரண்டு பின். மேல் பின் படத்தில் இருந்த மேகத்தில் இறங்கியது. கீழ் பின் கதவில் இறங்கியது.

பிரதியை வீட்டுக்கு எடுத்துவந்து மேஜைமேல் விரித்து வைத்தேன். புஷ்பக்கனி கட்டைவிரல் உயரம் இருந்தாள். சேலையின் சிவப்பு அவளைவிட்டு ஒரு நூல் விலகி அச்சாகியிருந்தது. அதை அவள் இழுத்து இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அவள் பேசினால் தலைக்கு மேல் ஒரு பலூன் வந்தது. அதில் நாலைந்து வார்த்தைக்கு மேல் பிடிக்கவில்லை. அவளிடம் அதைவிட நிறைய இருந்தது என்பது முகத்தில் தெரிந்தது.

“பூட்டியிருக்கு,” என்றாள்.

“பின் அடிச்சிட்டாங்க.”

“எடுங்க.”

“இன்னைக்கு ஆபீஸ் முடிஞ்சிருச்சு.”

அவள் பையைக் கீழே வைத்துவிட்டுப் பாதை ஓரத்தில் உட்கார்ந்தாள்.

பக்கத்தின் மேல்மூலையில் மூன்று இதயங்கள் உண்டு. கேமில் அவைதான் உயிர். மூன்றும் போனால் ஆட்டம் முடிந்துவிடும். முடிந்த ஆட்டத்தில் யாரும் மிச்சம் இருக்க மாட்டார்கள். செவ்வாய் மாலையே புஷ்பக்கனிக்கு ஓர் இதயம் போய்விட்டது. பச்சை உருண்டை மோதிவிட்டது. பச்சை உருண்டை கேமில் வரும் எதிரி. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போகும், திரும்பி வரும். அதற்கு வேறு எதுவும் தெரியாது.

தோசையை மெல்லியதாக ஊற்றிப் பக்கத்தின்மேல் வைத்துப் புத்தகத்தை மூடினால் எடுத்துக்கொண்டாள். இட்லி வைத்தால் புத்தகம் மூடவில்லை.

புதன்கிழமை பைண்டிங் பிரிவுக்குப் போனேன். அது ஒரு சின்னக் கூடம். அன்று நீளமாகியிருந்தது. பொறுப்பாளர் சீனியம்மா மறுகோடியில் உட்கார்ந்திருந்தார். நான் நடக்க நடக்க அவர் அங்கேயேதான் இருந்தார். கடைசியில் சலித்துப்போய் அவரே எழுந்து வந்தார்.

“நடுப்பக்கத்துல பின்னை எடுக்கணும்,” என்றேன்.

“எடுக்கணுமா? அடிக்கத்தான் தம்பி எங்களுக்குத் தெரியும். எடுக்குறதுக்கு இந்த ஊர்லயே ஆள் கெடையாது.”

“கதவு மேல அடிச்சிருக்கு. உள்ள என் வீட்டுக்காரி இருக்கா.”

“நடுவுல கதவு வச்சது யாரு? நடுன்னா அது பின்னுக்கு உள்ள எடம். நானா போய் கதவுல அடிச்சேன்? கதவுதான் பின்னு வர்ற எடத்துல வந்து நின்னுருக்கு.”

அதில் நியாயம் இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

“புஷ்பம் எப்படி இருக்கா?” என்று கேட்டார்.

“கோபமா இருக்கா.”

“அப்ப நல்லாத்தான் இருக்கா.”

அவர் திரும்பி நடந்தார். அவருக்கு அந்தக் கூடம் சின்னதாகத்தான் இருந்தது. நாலு எட்டில் நாற்காலிக்குப் போய்விட்டார்.

புதிர்களை வரைபவர் தவசிலிங்கம். மாடியில் இருப்பார். நாள் முழுக்க கேம் விளையாடுவார். அதில் இருப்பதை அப்படியே வரைவார். நான் போனபோதும் கண் போனில்தான் இருந்தது.

“கதவை ஏன் நடுவுல போட்டீங்க?”

“கேம்ல நடுவுலதான் இருக்கு.”

“கேம்ல ஒரே திரை. நமக்கு ரெண்டு பக்கம். நடுவுல மடிப்பு வருமே.”

“போன்ல மடிப்பு வரலையே அண்ணே.”

“தவசி, கேமைக் கொஞ்சம் நிறுத்திட்டுக் கேளுங்க. இன்னொரு...”

அவர் கேமை நிறுத்தினார். கீழே மெஷின் நின்றது. மின்விசிறி நின்றது. வாயைத் திறந்தபடி நானும் நின்றேன். அவர் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி ஓடவிட்டார்.

“...கதவு போடுங்க,” என்றேன்.

தவசிலிங்கம் நல்ல மனிதர். உடனே அசல் ஓவியத்தை எடுத்து மேசையில் வைத்தார். இடதுபக்கம் ஒரு கதவு வரைந்தார். கைப்பிடியெல்லாம் வைத்தார். இருவரும் காத்திருந்தோம். கதவு திறந்தது. யாரும் வரவில்லை.

“அசல்ல மதினி இல்லையே அண்ணே,” என்றார்.

“ஆமா. வீட்டுல இருக்கிற பிரதியிலதான் இருக்கா. அதுல வரைஞ்சு குடுங்க.”

“அச்சாயிருச்சுன்னா அது என் படம் இல்ல. மெஷினோட படம். மெஷின்கிட்டக் கேளுங்க.”

கீழே போய் மெஷினிடம் கேட்டேன். அது காலண்டர் அடித்துக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை நானே முயன்றேன். கரண்டிக் காம்பைப் பின்னுக்கு அடியில் கொடுத்து நெம்பினேன். பின் அசையவில்லை. பக்கம் கிழிந்தது. புஷ்பக்கனி நின்றிருந்த பாதை நடுவில் பிளந்தது. தாவிப் பிடித்துக்கொண்டாள், ஆனால் மேல்மூலையில் இரண்டாவது இதயம் அணைந்தது.

“கையை எடுங்க,” என்றாள்.

எடுத்தேன்.

“எத்தனை மிச்சம்?”

அவளுக்கு அங்கிருந்து மூலை தெரியாது. “ஒண்ணு,” என்றேன்.

பச்சை உருண்டை வந்தது. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதைத் தாண்டினாள். அது போயிற்று.

“உங்களை மாதிரியே அலையுது,” என்றாள். பலூனில் அதற்கு மட்டும் இடம் போதுமானதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மாதிரிப் பிரதியோடு முதலாளியைப் பார்க்கப் போனேன். அவர் பெயர் ரத்தினவேல். எல்லோரும் அண்ணாச்சி என்போம். அவருடைய அறை முதல் மாடியில் இருந்தது. ஏறினேன். இரண்டாவது மாடிக்குப் போய்விட்டார்கள் என்று எழுதி ஒட்டியிருந்தது. எங்கள் அச்சகத்துக்கு இரண்டாவது மாடி கிடையாது. ஏறினேன். அங்கேயும் அப்படி ஒன்று ஒட்டியிருந்தது. முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறிக்கொண்டே இருந்தேன். கடைசியாக வந்த மாடியில் கூரை இல்லை. அண்ணாச்சி வெயிலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். கீழே ஊர் தெரிந்தது.

“வா வேலாயுதம். லிஃப்ட்ல வந்திருக்கலாம்ல?”

“லிஃப்ட் இருக்கா அண்ணாச்சி?”

“இறங்குறதுக்கு இல்ல. ஏறுறதுக்கு இருக்கு.”

விஷயத்தைச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். பிறகு மாதிரிப் பிரதியை வாங்கி நடுப்பக்கத்தைப் பார்த்தார். கைகூப்பினார். புஷ்பக்கனியும் கைகூப்பினாள்.

“கஷ்டந்தான். ஆனா விடை அடுத்த இதழ்லன்னு கீழ போட்டிருக்கோமே.”

“விடை எனக்கே தெரியும் அண்ணாச்சி. அந்தக் கதவுதான். அதைத் திறக்கணும், அவ்வளவுதான்.”

“திறந்தா விடை வெளிய வந்த மாதிரி ஆயிராதா?”

“வெளிய வரப்போறது என் பெஞ்சாதி.”

“அதான் யோசிக்கேன். சொந்தக்காரங்களுக்கு மட்டும் முன்னாடியே விடை போயிருச்சுன்னு ஒரு பிள்ளைக்குத் தெரிஞ்சாலும் போதும். நம்ம பேரு கெட்டுரும்.”

புஷ்பக்கனி ஏதோ சொன்னாள். கோபத்தில் எழுத்து பெரிதாகி பலூனுக்குள் அடங்காமல் போய்விட்டது. ஓர் எழுத்தின் கால் மட்டும் தெரிந்தது.

“என்ன சொல்றாக?” என்றார் அண்ணாச்சி.

“வணக்கம் சொல்றா.”

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. அடுத்த இதழின் கடைசிப் பக்கத்தில் விடைப் படம் வரும். இதே புதிரைச் சின்னதாகப் போட்டு வழியைக் கோடாக வரைந்திருப்பார்கள். கோடு கதவைத் தாண்டி வெளியே வரும். கோடு வந்தால் அவளும் வருவாள். கடைசிப் பக்கத்தில் பின் கிடையாது.

“அப்ப அடுத்த இதழை நாளைக்கே போடுங்க,” என்றேன்.

“போடலாமே. தவசி எல்லாம் வரைஞ்சு குடுத்துட்டான். நீ நடந்து பாத்து வழி இருக்குன்னு சொல்லு. உடனே ஓட்டிருவோம்.”

இவ்வளவுதானா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. இதைச் செவ்வாய்க்கிழமையே யாராவது சொல்லியிருக்கலாம்.

சனிக்கிழமை அடுத்த இதழின் மாதிரிப் பிரதியில் இறங்கினேன். இறங்கும் முன் சீனியம்மாவிடம் போய், நான் வெளியே வரும்வரை பின் அடிக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். அவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

புதிர் மோசமாக இருந்தது. ஒரே மாதிரி பாறைகள். ஒரே மாதிரி திருப்பங்கள். மூன்று முறை புறப்பட்ட இடத்துக்கே வந்தேன். ஒரு மூலையில் சாவிக்குட்டன் ஒரு காலைத் தூக்கியபடி நின்றான். வழி கேட்டேன். “சாவி கிடைத்ததா?” என்றான். வேறு என்ன கேட்டாலும் அதையே சொன்னான். இந்த முறை கதவு பக்கத்தின் வலது ஓரத்தில் இருந்தது. நிம்மதியாகக் காலை வெளியே வைத்தேன். அந்த நேரம் பார்த்துக் கட்டிங் மெஷின் இறங்கியது. புத்தகத்தின் ஓரம் போயிற்று. கூடவே என் செருப்பின் குதிகாலும் போயிற்று.

“வேண்டாம்னு சொன்னேனே சீனியம்மா.”

“பின்னு அடிச்சேனா? வெட்டத்தான செஞ்சேன்.”

வழி இருக்கிறது என்று அண்ணாச்சிக்குச் சொல்லி அனுப்பினேன். மெஷின் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேஜைமேல் நடுப்பக்கம் காலியாக இருந்தது. பச்சை உருண்டை மட்டும் போய்வந்துகொண்டிருந்தது. “புஷ்பம்,” என்று கூப்பிட்டேன்.

“இங்க,” என்றது குரல்.

நிமிர்ந்து பார்த்தேன். முழு உயரத்தில் இருந்தாள். சேலையின் சிவப்பு அவள்மேலேயே இருந்தது. கூரையில் கால் ஊன்றித் தலைகீழாக நின்றுகொண்டிருந்தாள். தலைமுடி அவளைப் பொறுத்தவரை கீழேதான் தொங்கியது. அதாவது மேலே.

“விடையைத் தலைகீழாத்தான் அடிப்பீகளா?” என்று கேட்டாள்.

“எல்லாப் புத்தகத்துலயும் அப்படித்தான்.”

“எதுக்கு?”

“பிள்ளைக அவசரப்பட்டுப் பாத்துரக் கூடாதுன்னு.”

“நல்லா யோசிச்சிருக்கீக.”

காபி போட்டு நீட்டினேன். அவள் கையை நீட்டினாள். நடுவில் வந்ததும் எந்தப் பக்கம் விழுவது என்று காபிக்குத் தெரியவில்லை. சுவரில் போய் விழுந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். விடையில் தவறு இருந்தால் அதற்கடுத்த இதழில் திருத்தம் போடலாம், ஆனால் விடை சரியாகத்தானே வந்திருக்கிறது என்றார்.

திங்கட்கிழமை இரண்டு இதழும் சேர்ந்தே கடைகளுக்குப் போயின. காலையிலேயே எங்கள் வீடு தலைகீழாகத் திரும்பியது. சாத்தூரிலோ கோவில்பட்டியிலோ ஏதோ ஒரு பிள்ளை விடை பார்க்கப் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பியிருக்க வேண்டும். பாத்திரங்கள் உருண்டன. புஷ்பக்கனி தரையில் நின்றாள். நான் கூரையில் நின்றேன். அவள் அடுப்படிக்கு ஓடிக் குக்கரை வைத்தாள். பிள்ளை புத்தகத்தை நேராக்கியது. நான் தரைக்கு வந்தேன். அவள் மேலே போனாள். பருப்பு மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

அன்று முழுக்க இப்படியே நடந்தது. சின்னப் பிள்ளைகளுக்குப் பொறுமை கிடையாது என்பது தெரிந்தது. புதிரை யாரும் போட்டுப் பார்க்கவில்லை. நேராக விடைக்குத்தான் போனார்கள். இருவரும் ஒரே தரையில் நிற்க ஒரு பிள்ளையும் விடவில்லை. திரும்பும்போது சுவரைக் கடப்போம். அப்போது மட்டும் ஒரு நொடி பக்கத்தில் இருப்போம். அந்த நொடியில் அவசரமானதைச் சொல்ல வேண்டும்.

“கேஸ் தீரப்போகுது,” என்றாள் ஒருமுறை.

“சரி,” என்றேன். அதற்குள் கூரைக்குப் போயிருந்தேன்.

அடுத்த முறை, “சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கீக,” என்றாள்.

அதற்கடுத்த முறை என் கையைப் பிடிக்கப் பார்த்தாள். விரல் நுனி மட்டும் பட்டது.

பிற்பகல் மூன்று மணி வாக்கில் வீடு மறுபடி திரும்ப ஆரம்பித்தது. சுவருக்குச் சரிந்தோம். தயாராக இருந்தேன். கையைப் பிடித்துவிட்டேன். வீடு பாதியில் நின்றது.

காத்திருந்தோம். அது மேற்கொண்டு திரும்பவில்லை. சுவர் எங்களுக்குக் கீழே இருந்தது. அவளுக்கும் அதுதான் கீழ். எனக்கும் அதுதான் கீழ். மின்விசிறி பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தது.

“என்னாச்சு?” என்றேன்.

“திருப்பிக்கிட்டு இருக்கும்போதே ஏதோ பிள்ளை தூங்கிருச்சுபோல.”

சுவரில் உட்கார்ந்தோம். அவள் தோள் என் தோளில் பட்டது. பேச நிறைய இருந்தது. கேட்கவும் இருந்தது.

“ஏன் புஷ்பம்,” என்று ஆரம்பித்தேன்.

“மெதுவாப் பேசுங்க,” என்றாள். “முழிச்சிரப் போகுது.”

வாசல் கதவு இப்போது எங்கள் தலைக்கு மேல் இருந்தது. யாரோ அதைத் தட்டினார்கள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் தட்டினார்கள். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.