ஆகாசத்தின் அவசரம்

கட்டி முடியாத அடுக்குமாடிக்கும் மேலே, கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து கிரேன் ஓட்டுபவருக்கு ஆட்கள் வைத்த பெயர் ஆகாசம். கம்பிக் கட்டைப் பூப்போல இறக்கி வைப்பார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, இருந்துவிட்டுப் போகட்டுமே.

ஆனால் ஒரு வருடமாகப் புராஸ்டேட் சுரப்பி வீங்கி மனிதரைப் பாடாய்ப் படுத்தியது. அடிக்கடி ஏணியில் இறங்கி ஓடுவார். போய் நின்றால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அதுவரை கீழே அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். மாத்திரை போட்டால் தலைசுற்றல். அதோடு கிரேன் ஏற முடியுமா? கூண்டைப் பிடுங்கிக்கொண்டு கிடங்கில் உட்கார வைத்துவிடுவார்களோ என்று உள்ளுக்குள் நடுங்கினார். ஆபரேஷன் என்றாலோ அதைவிடப் பயம்.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், கீழே நின்று சைகை காட்டும் மைத்துனரிடம் வயர்லெஸ்ஸில் மனம்விட்டுப் பேசினார்.

"அடைச்சுக்கிட்டு உயிரை வாங்குது மச்சான். கத்தி வெச்சுட்டா உங்க அக்கா முகத்துல எப்படி முழிப்பேன்?"

புண்ணியவான் சேனலை மாற்ற மறந்திருந்தார். இன்ஜினியர் இடுப்பில் தொங்கியது உட்பட, அங்கிருந்த எல்லா வயர்லெஸ்ஸும் அதை ஊருக்கே ஒலிபரப்பின.

வேலை அப்படியே நின்றது. பிறகு மேஸ்திரியின் குரல் மெதுவாக வந்தது. "அண்ணே, எனக்கும் அதேதான்." சிமென்ட் லாரி டிரைவர், தனக்குக் கத்தியே வைக்காமல் சரிசெய்த ஒரு டாக்டரம்மாவைச் சொன்னார். இன்ஜினியர் மட்டும், டாக்டர் சரியென்று சொல்லும்வரை ஏணியில் கால் வைக்கக்கூடாது என்றுவிட்டார். கூண்டில் வேறொருவர் ஏறினார். அதைப் பார்க்க ஆகாசத்துக்கு வயிறு எரிந்தது.

டாக்டரம்மா சோதித்துவிட்டு, நீராவியால் சுருக்கும் முறையும் உண்டு, ஆனால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்றார். இவருடைய வீக்கத்துக்கு இன்னொன்று பொருந்தும்.

"வெட்டறதில்லைங்க. வழியை அடைக்கிற சதையை ரெண்டு பக்கமும் இழுத்து, குட்டிக் கொக்கி போட்டு நிறுத்திடுவோம். அன்னிக்கே வீட்டுக்குப் போகலாம். கொஞ்ச நாள் எரிச்சல் இருக்கும்."

ஆகாசம் நிமிர்ந்து உட்கார்ந்தார். இழுத்துக் கட்டி வழிவிடுவதைப் பற்றி அவருக்கா பாடம் எடுக்க வேண்டும்? கொக்கி எத்தனை பாரம் தாங்கும் என்று கேட்டு டாக்டரையே திணறடித்தார். ஆகாசம் கேட்கக் கூசியதை, கூட வந்திருந்த மனைவி பளிச்சென்று கேட்டார். தாம்பத்தியத்துக்குப் பெரும்பாலும் எந்தப் பாதிப்பும் வராது என்றார் டாக்டர். இவர் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் முகமெல்லாம் பல்.

சிகிச்சை முடிந்து, எரிச்சலும் அடங்கி, டாக்டர் தலையசைத்த பிறகு மறுபடி கூண்டு ஏறினார். காலையிலிருந்து கம்பி, பலகை, கான்கிரீட் என்று ஏறிக்கொண்டே இருந்தது. மத்தியானம் எல்லோரும் சாப்பிடக் கிளம்பியும் ஆகாசம் இறங்கவில்லை. பதறிப்போன இன்ஜினியர், மேலே ஏதாவது பிரச்சினையா என்று வயர்லெஸ்ஸில் கேட்டார்.

ஆகாசம் கூண்டிலிருந்து கீழே எட்டிப் பார்த்தார்.

"இல்லை சார்," என்றார். "இறங்கணும்கிற ஞாபகமே வரலை."

மேஸ்திரிதான் முதலில் கைதட்டினார். அடுத்த வாரம் அவருக்கு டாக்டரம்மாவிடம் நாள் குறித்திருந்தது.