வெள்ளை மை இல்லாத வாத்து

கட்டட ஒப்பந்தக்காரரின் மார்பு வழியாகச் சுவர்க் கடிகாரம் தெரிய ஆரம்பிப்பதற்குச் சில மாதங்கள் முன்பே, அவர் தன் தங்கையின் ஜன்னலை அடைத்துக் கட்டிய செங்கல் சுவர் வழியாகத் தெரு தெரியத் தொடங்கியிருந்தது. முதலில் தெரிந்தது ஒரு வாத்து அளவு தெரு மட்டும்தான்.

வீடு பெற்றோர் வைத்துவிட்டுப் போனது. முன்பக்கமும் முற்றமும் அண்ணனுக்கு, பின்னறை தங்கைக்கு என்பது பேச்சு. தங்கை அந்த அறையில் ஒரு கணினியும் பிரிண்டரும் மேசையும் போட்டு ஸ்டிக்கர் செய்து வந்தாள். பரிசுப் பெட்டிக்குப் பூ, குழந்தைகளின் நோட்டுக்கு யானை, ஜாம் பாட்டிலுக்குப் பழம் என்று எதைக் கேட்டாலும் திரையில் வரைந்து, ஒட்டுத்தாளில் அச்சிட்டு, ஓரம் பிசகாமல் வெட்டித் தருவாள். அந்த வேலைக்குப் பகல் வெளிச்சம் வேண்டும். திரையில் ரோஜா நிறமாக இருப்பது தாளில் செங்கல் நிறமாக வந்து நிற்கும். டியூப்லைட்டில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருந்து ஆளை ஏமாற்றும். இது அண்ணனுக்கும் நன்றாகத் தெரியும். அவருக்குச் சிமெண்டு மூட்டை அடுக்க இடம் வேண்டியிருந்தது. வெளியே போ என்று சொல்ல வாய் வரவில்லை, சுவர் எழுப்ப மட்டும் கை வந்தது. ஜன்னலை ஒட்டி முற்றத்தில் கட்டி முடித்துவிட்டு, இருட்டில் எத்தனை நாள் இருப்பாள், தானாகக் கிளம்பிவிடுவாள் என்று காத்திருந்தார். அவள் கிளம்பவில்லை. பிடிவாதத்தில் அண்ணனுக்குத் தங்கை சளைத்தவள் அல்ல.

ஒரு பிறந்தநாள் வீட்டுக்கு வெள்ளை வாத்து கேட்டிருந்தார்கள். வீட்டுப் பிரிண்டருக்கு வெள்ளை மை கிடையாது. வெள்ளை வரவேண்டிய இடத்தை அது சும்மா விட்டுவிடும், தாளின் வெள்ளையே வெள்ளையாக நின்றுகொள்ளும். இருட்டில் தடவி எடுத்ததில் அவள் வெள்ளைத் தாளுக்குப் பதிலாக, மறுபக்கம் தெரியும் கண்ணாடி ஒட்டுத்தாளை வைத்துவிட்டாள். மஞ்சள் மூக்கு, கால்கள், ஒரு கண், சுற்றி ஒரு கோடு என்று வந்தது. நடுவில் வாத்தைக் காணோம். எரிச்சலில் அதை வெட்டி, செங்கல்லைப் பார்த்துக்கொண்டு கிடக்கட்டும் என்று ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினாள். வாத்தின் வயிற்றில் செங்கல் தெரியவில்லை. முற்றத்துக்கு அப்பால் தெருவில் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவது தெரிந்தது. மேசையில் வாத்து வடிவத்தில் வெயில் விழுந்தது. அவள் அந்த வெயிலில் முந்தைய நாள் அச்சிட்ட பூவை நீட்டிப் பார்த்து, சிவப்பு தூக்கல் என்று கண்டுபிடித்து, குறைத்து, மறுபடி அச்சிட்டாள். ஆச்சரியப்பட நேரம் இல்லை, பூவை அன்றைக்கே கொடுக்க வேண்டியிருந்தது.

முற்றத்துப் பக்கமிருந்து அண்ணன் சுவரைத் தடவிப் பார்த்தார். கைக்குச் செங்கல் இருந்தது, கண்ணுக்கு இல்லை. மேலே பூசினார், இன்னொரு வரிசை கட்டினார், இரும்புத் தகடு அடித்தார். எதை வைத்தாலும் வாத்து அளவுக்கு ஊடுருவித் தெரிந்தது. உயிருள்ளவை மட்டும் பழையபடி மறைத்தன; பூனை வந்து உட்கார்ந்தால் மேசையில் பூனை நிழல் விழுந்தது. கடைசியில் தங்கையின் வாசலுக்கே வந்துவிட்டார்.

"என்ன வேலை பண்ணி வச்சிருக்க?"

"நான் ஒண்ணும் பண்ணலண்ணா. பிரிண்டர் வெள்ளைய விட்டுருச்சு. அதோட சேர்த்து உங்க சுவரையும் விட்டுருச்சு போல."

"மரியாதையா அதை எடுத்துடு."

"எடுக்க மாட்டேன். இது என் ஜன்னல்."

அவள் தாள் வாங்கக் கடைக்குப் போன நேரம் பார்த்து அவரே உள்ளே புகுந்து வாத்தை உரித்தார். அதற்குள் செருப்புச் சத்தம் கேட்டது. பசைப்பக்கத்துக்கு ஒரு காகிதம்கூட வைக்காமல் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு நடையைக் கட்டினார். ஸ்டிக்கர் தெரிந்தவர் யாரும் செய்யாத காரியம். அன்று சாயங்காலம் அண்ணி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "உங்களுக்குப் பின்னாடி இருக்கற கடிகாரம் தெரியுதுங்க. ஆறு ஆகப்போகுது" என்றாள். சட்டையை மாற்றினார், சோப்புப் போட்டுத் தேய்த்தார், மண்ணெண்ணெய் வைத்தும் பார்த்தார். வாத்து நெஞ்சிலேயே தங்கிவிட்டது. மருத்துவர் காது வைத்துக் கேட்டு, இதயம் ஒழுங்காகத் துடிக்கிறது, கண்ணுக்குத்தான் அகப்படவில்லை என்றார். அந்த ஆளுக்கு நெஞ்சில் ஒன்றும் கிடையாது என்று அவரிடம் வேலை பார்த்தவர்கள் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், இப்போது ஆதாரம் கிடைத்தது.

தங்கை வெறும் கண்ணாடியைப் பார்த்தாள், மறுபடி செங்கல். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. திரையில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, எதையும் வரையாமல், கண்ணாடித் தாள்களை அடுக்கி அச்சிட்டாள். பிரிண்டர் வழக்கம்போல முக்கி முனகி, ஒரு பொட்டு மை செலவழிக்காமல் ஒவ்வொன்றாகத் தள்ளியது. பழைய ஸ்கேலால் காற்றுக் குமிழ்களை நீவி நீவி ஜன்னல் முழுக்க ஒட்டினாள். சுவர் மொத்தமாகக் காணாமல் போனது. அது இருக்கிறது என்பதற்கு முற்றத்தில் முட்டிக்கொண்டவர்கள் மட்டுமே சாட்சி.

இடித்தால் தோற்றதாகிவிடும் என்று அண்ணன் சுவரை இடிக்கவில்லை. உயிருள்ளவைதான் மறைக்கும் என்பது நினைவுக்கு வர, முற்றத்தில் சுவரை ஒட்டி ஒரு நாற்காலியைப் போட்டு ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் தானே உட்கார்ந்துகொண்டார். நல்ல வாட்டசாட்டமான உடம்பு. மேசை இருண்டது. அந்த அறையை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. பிறகு பார்த்தால், அவர் நிழலின் நடுவே, கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில், வாத்து வடிவத்தில் வெயில் விழுந்திருந்தது.

அவள் தாளை அந்த இடத்துக்கு இழுத்தாள்.

"அண்ணா, கொஞ்சம் இடது பக்கம் தள்ளி உட்காருங்க. பச்சை சரியாத் தெரியல."

வெகுநேரம் அவர் அசையவில்லை. அப்புறம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

வருடங்கள் ஓடிவிட்டன. அறை அவளுடையதாகவே இருக்கிறது, சுவரும் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கிறது. அண்ணன் தினமும் காலையில் வெளிச்சத்தை மறைக்க வருகிறார். பிரிண்டர் ஓடும் சத்தம் கேட்டால், அவள் சொல்வதற்கு முன்பே இடது பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொள்கிறார். முகத்தில் கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது.