டேக்கில் போட ஒரு பெயர்

ஜார்ஜ்டவுனிலிருந்து காலை ஃபெரியில் கடல் தாண்டி, பஸ் பிடித்து புக்கிட் தெங்காவுக்கு வந்த சாந்தினி, எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையின் கேண்டீனில் மற்றவர்களோடு காத்திருந்தாள். ஆபரேட்டர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். கைத்தேர்வு முடிந்துவிட்டது. குறுணை அரிசி அளவுப் பாகங்களை இடுக்கியால் எடுத்து மின்சுற்றுப் பலகையில் பதித்துக் காட்ட வேண்டும். ஜுருவில் அவள் இருந்த தொழிற்சாலை மூடும்வரை அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். சீனரான சூப்பர்வைசர் வின்சென்ட் அவளுடைய பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமையே வர முடியுமா என்று கேட்டிருந்தார்.

அந்தத் திங்கட்கிழமை அவளுக்கு வேண்டும். இப்போது சூலியா தெருச் சாப்பாட்டுக் கடையொன்றில் பின்கட்டில் தட்டுக் கழுவுகிறாள். வாடிக்கையாளர் கண்ணில் படக் கூடாதாம்.

கேண்டீன் மூலையில் மேசை போட்டிருந்த அதிகாரி நோர்மா, தமிழ் முஸ்லிம் பெண், விண்ணப்பத்தையும் அடையாள அட்டையான ஐசியையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். விண்ணப்பத்தில் சாந்தினி, ஐசியில் ஒரு ஆண் பெயர். நோர்மா கெட்டவள் அல்ல. பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். சம்பளக் கணக்குக்கு ஐசியில் உள்ள பெயர்தான் என்றாள். அதற்குச் சாந்தினி தலையாட்டினாள். சட்டையில் குத்தும் அட்டையிலும் அதேதான் என்றபோதுதான் நிமிர்ந்தாள்.

"டேக்குல அந்தப் பேரையே போட்டுக்குங்க லா. இல்லன்னா சூசா, தொந்தரவுதான். நாளைக்கு யாராச்சும் கம்ப்ளேன் பண்ணுவாங்க."

ஜுருவில் அப்படித்தான் போட்டுக்கொண்டாள். அந்தப் பெயரை வேண்டுமென்றே உரக்கக் கூப்பிட்டு லைன் முழுக்கச் சிரித்தார்கள். சாப்பாட்டு நேரத்தில்கூட விடவில்லை. இன்னொரு தரம் அந்தக் கண்றாவியை நெஞ்சில் குத்திக்கொண்டு நிற்க அவளால் ஆகாது.

"அக்கா, வின்சென்ட்டுக்கு ஐசில வின்சென்ட்னுதான் இருக்கா?"

அட்டைகளை அச்சடிப்பவளே நோர்மாதான். அங்கே சீனர்களில் பாதிப் பேருக்கு ஐசியில் ஒரு பெயர், அட்டையில் ஒரு பெயர். பாக்கிங் பகுதியில் இருக்கும் ஜெயராஜ்கூட அட்டையில் ஜெரிதான்.

"அது வேற லா," என்றாள் நோர்மா.

"என்ன வேறன்னு சொல்லுங்க. கேட்டுக்கிறேன்."

நோர்மா எழுந்து போய் வின்சென்ட்டிடம் ஏதோ சொன்னாள். அவர் சாந்தினியை ஒருமுறை பார்த்துவிட்டு, மேசையில் இருந்த பலகைகளை அடுக்கத் தொடங்கினார். திரும்பி வந்த நோர்மா, வேண்டிய ஆட்களை எடுத்தாகிவிட்டது, காலி இருந்தால் கூப்பிடுகிறோம் என்று ஐசியை நீட்டினாள்.

சாந்தினி ஐசியை வாங்கிக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை. இந்த முறை தலையைக் குனிந்துகொண்டு பஸ்சுக்கு நடப்பதாக இல்லை.

"என்ன வேறன்னு இன்னும் சொல்லலியே அக்கா."

நோர்மா அவளைப் பார்க்காமல் அடுத்த ஆளை அழைத்தாள். ஓங் சியூ லிங் என்ற இளம்பெண் வந்து, உட்கார இடமில்லாமல் சாந்தினியின் தோளருகே நின்றாள். திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்ன நோர்மா, டேக்கில் என்ன பெயர் போடுவது என்று மலாயில் கேட்டாள்.

"மிஷேல்," என்றாள் அந்தப் பெண்.

நோர்மா ஐசியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அந்தப் பெயரைக் கணினியில் தட்டினாள். சின்ன அச்சு இயந்திரம் கிர்ரென்று ஓடி, சூடு ஆறாத அட்டையைச் சாந்தினியின் முன்னால் தள்ளியது. அவள் அதை எடுத்து மிஷேலிடம் கொடுத்துவிட்டு, நாற்காலியை மேசைக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.